நீரும் கதவும்

‘இரு கவிதைகளை ஒப்பிட்டு ஆராய்க’ என்பது தமிழ் இலக்கியம் படிக்கும் எவருக்கும் பழகிப்போன வினா. விடையும் பழகிப்போனதுதான். தாளின் நடுவே ஒரு கோடு; இடப்பக்கம் ஒற்றுமை, வலப்பக்கம் வேற்றுமை. திருப்பாவையும் திருவெம்பாவையும் இந்தக் கோட்டிடம் அகப்பட்டதுபோல வேறு நூல்கள் அகப்பட்டதில்லை. இரண்டும் மார்கழி நோன்பைப் பாடுகின்றன, இரண்டிலும் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்புகிறார்கள், இரண்டும் எட்டடிப் பாட்டுகள். ஒன்று 30 பாட்டு, மற்றது 20. ஒன்று திருமாலுக்கு, மற்றது சிவனுக்கு. இதில் எதுவும் பிழையில்லை. ஆனால் இவ்வளவையும் எழுதி முடித்த மாணவருக்கு இரண்டு நூல்களில் எதைப் பற்றியாவது முன்பு தெரியாத ஒன்று தெரிந்ததா என்றால், இல்லை. பிறகு எதற்காக ஒப்பிடுகிறோம்? இன்று நான் உங்கள் முன் வைக்கும் விடை ஒன்றே ஒன்றுதான். ஒரு கவிதை எதைச் சொல்லியது என்பதை அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். எதைச் சொல்லாமல் விட்டது என்பதை அதை மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு இன்னொரு கவிதை வேண்டும். ஒப்பீட்டின் முதன்மையான வேலை, விடுபட்டதைக் கண்ணில் படவைப்பது.

இந்தக் கருத்தைச் சோதிக்க சிவகாசி இருக்கும் இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. திருப்பாவை பாடிய ஆண்டாளின் திருவில்லிபுத்தூர் சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரும் தொலைவில்லை, மேலூர்ப் பக்கம். மரபு சொல்லும்படி அவர் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். ஆக இரண்டும் பாண்டிநாட்டுக் குரல்கள். அவற்றை ஒப்பிடும் முறைக்கும் இங்கேயே ஓர் உவமை கிடைக்கிறது. சிவகாசி அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘ரிஜிஸ்டர்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும் என்பதற்காகத் தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போட்டு வைப்பார்கள். அந்தக் குறிகள் பொருந்தினால்தான் எந்த வண்ணம் எங்கே விலகியது என்று சொல்ல முடியும்; குறியே இல்லாத இரண்டு படங்களை வைத்துக்கொண்டு விலகல் என்று பேச இடமில்லை. இரண்டு பாவைகளுக்கும் பொதுவான நோன்பும் மாதமும் எட்டடி யாப்பும் பாட்டுதோறும் வந்து முடியும் ‘எம்பாவாய்’ என்ற விளியும் இத்தகைய குறிகள்தாம். ஒற்றுமை என்று பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துபோகிற இவை, ஒப்பீட்டைத் தொடங்கிவைப்பவை.

திருப்பாவையில் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று பாட்டுப் பாட்டாகப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் பாட்டில் நீராட வரச்சொல்லி அழைப்பு. இரண்டாவதில் நோன்பின் விதிகள்: நெய் வேண்டாம், பால் வேண்டாம், கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை, விடியலில் குளியல். மூன்றிலும் நான்கிலும் மழை. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்துவரை பத்து வீட்டு வாசல்கள். பதினாறில் நந்தகோபன் மாளிகையின் காவற்காரனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். பதினேழில் உள்ளே நந்தகோபன், யசோதை, பலதேவன். பதினெட்டு முதல் இருபதுவரை கண்ணனின் தேவி நப்பின்னை. பத்தொன்பதில் குத்துவிளக்கு எரிகிறது, கட்டிலின் கால் யானைத் தந்தம் என்பதுகூடச் சொல்லப்படுகிறது. தெரு, வாசல், முற்றம், படுக்கையறை என்று கவிதை வீட்டுக்குள் வீட்டுக்குள் நுழைந்துகொண்டே போகிறது. நீராட்டம் என்ன ஆயிற்று? பேச்சில் அது விடாமல் வருகிறது. பதின்மூன்றாம் பாட்டில், குளிரக் குளிர நீராடாமல் படுத்துக் கிடக்கிறாயே என்று ஒருத்திக்கு ஏச்சு. இருபதில், இப்போதே எங்களை நீராட்டு என்று நப்பின்னையிடம் வேண்டுதல். இருபத்தாறில்கூட மார்கழி நீராட்டத்துக்குச் சங்கும் பறையும் விளக்கும் கொடியும் மேற்கட்டியும் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்றால் இன்னும் நீராடவில்லை. அடுத்த பாட்டில் நகை அணிந்து, புத்தாடை உடுத்து, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோறு உண்கிறார்கள். இரண்டாம் பாட்டில் தள்ளிய நெய் இருபத்தேழாம் பாட்டில் திரும்பி வந்துவிட்டது, நோன்பு முடிந்தது. நடுவில் ஒரு பெண்ணும் நீரில் இறங்குவதை நாம் பார்க்கவில்லை. முப்பது பாட்டு கொண்ட ஒரு நீராட்டக் கவிதையில் நீராட்டக் காட்சி கிடையாது!

திருப்பாவையை ஆயிரம் முறை ஓதியவர்க்கும் இது உறுத்தியிருக்காது. கவிதை அவ்வளவு நிறைவாக நடத்திக்கொண்டு போகிறது. பக்கத்தில் திருவெம்பாவை வந்து நின்றதும் இடைவெளி தெரிந்துவிடுகிறது. அங்கே முதல் எட்டுப் பாட்டில் துயிலெழுப்புதல் முடிந்துவிடுகிறது. பதினொன்றாம் பாட்டிலிருந்து பெண்கள் பொய்கையில். வண்டு மொய்க்கும் அகன்ற பொய்கை, கை குடைந்து குடைந்து ஆடும் ஓசை, வளை ஒலி, மேகலை ஒலி. பதினான்காம் பாட்டில் காதின் குழை ஆடுகிறது, பொன்னணி ஆடுகிறது, கூந்தல் மாலை ஆடுகிறது, அதைச் சுற்றி வண்டுக்கூட்டமும் ஆடுகிறது. பதின்மூன்றில் அந்தக் குளமே உமையும் சிவனும் ஆகிவிடுகிறது: கருங்குவளை ஒருபுறம், செந்தாமரை ஒருபுறம். பதினைந்தில் ஒருத்தி மட்டும் கண்ணீர் தாரையாக வழியத் தன்னை மறந்து நிற்கிறாள். மற்றவர்கள் அவளை இப்படி ஆக்கியவனைப் பாடி நீராடுகிறார்கள். திருப்பாவை தள்ளிக்கொண்டே போன நீர் இங்கே கரை ததும்புகிறது. இப்போது எதிர்ப்பக்கமிருந்து கேட்கலாம்: இந்தப் பெண்கள் சிவனின் வாசலுக்கு எப்போது போகிறார்கள்? போகவே இல்லை. காவற்காரன் இல்லை, கட்டில் இல்லை, தாய்தந்தை இல்லை. துயில்கிற இறைவனை எழுப்பும் வேலை மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் திருப்பள்ளியெழுச்சி என்ற தனிப் பதிகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டாள் நீரை விட்டார், மாணிக்கவாசகர் கதவை விட்டார்.

ஏன் என்ற கேள்விக்கான விடை திருவெம்பாவையின் பத்தாம் பாட்டில் இருக்கிறது. பாதாளம் ஏழுக்கும் கீழே போனாலும் சொல்லில் அடங்காத அடி, எல்லாப் பொருளுக்கும் முடிவான முடி என்று பாடிவிட்டு, அவனுக்கு ஊர் எது, பேர் எது, உறவினர் யார், அயலார் யார் என்று பெண்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி கோயிற் பெண்களைப் பார்த்தே கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கோயிலிலேயே இருப்பவர்களுக்கும் அவன் வீடு தெரியாது. தில்லையும் அண்ணாமலையும் பின்னால் வருகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். வருகின்றன, ஒன்று அவன் ஆடும் இடம், மற்றது அவன் அடி ஓங்கும் இடம். தட்டுவதற்கு அங்கே கதவில்லை. திருப்பாவையோ முதல் பாட்டிலேயே தந்தை பெயரையும் தாய் பெயரையும் தந்து, தந்தை கையில் வேலையும் கொடுத்துவிடுகிறது. பத்தாம் பாட்டின் நான்கு கேள்விகளையும் ஆண்டாளிடம் கேட்டால் நான்குக்கும் உடனே விடை வரும். ஊர் ஆயர்பாடி, பேர் கண்ணன், உறவு இன்னார், அயலார் இந்தப் பத்து வீட்டுக்காரர்கள். ஆகவே ஒரு கவிதைக்கு வீடு தேவைப்பட்டது. வீட்டுக்குள் போகும் வழியே அதன் கதையாயிற்று. மற்றதற்கு வீடு அமையவில்லை. எங்கும் நிறைந்தவனை எங்கும் நிறையும் ஒன்றில், தண்ணீரில், காண வேண்டியதாயிற்று.

இல்லாததைக் கொண்டு வாதிடுவது எளிது என்று ஒரு மறுப்பு எழலாம், எழத்தான் வேண்டும். திருப்பாவையில் பாலைவனம் இல்லை, கப்பல் இல்லை. எந்தக் கவிதையிலும் இல்லாதவை எண்ணிலடங்கா. அவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பொருள் கற்பிப்பது திறனாய்வாகுமா? ஆகாது. அதனால்தான் ரிஜிஸ்டர் குறியைப் பற்றி முதலிலேயே சொன்னேன். கப்பல் இல்லாததை எந்த வாசகரும் உணர்வதில்லை, பாவை நோன்பு கப்பலை எதிர்பார்க்க வைப்பதில்லை. நீராட்டத்தை எதிர்பார்க்க வைக்கிறது. ஆண்டாளே ஏழெட்டு இடங்களில் அந்த எதிர்பார்ப்பை வளர்க்கிறார். வடிவம் ஒரு வாக்குறுதி கொடுக்க, கவிதை அதை நிறைவேற்றாமல் வேறொன்றைத் தந்தால், அந்த இல்லாமை பொருளுள்ள இல்லாமை. எது பொருளுள்ளது, எது வெற்றானது என்று பிரித்துச் சொல்லும் தகுதி, அதே வாக்குறுதியைக் கொடுத்த மற்றொரு கவிதைக்குத்தான் உண்டு.

காலவரிசை தெரியாமல் ஒப்பிடலாமா என்பது ஆய்வாளர் தரப்பு மறுப்பு. யார் முந்தியவர், யார் யாரைப் பின்பற்றினார் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பார்கள். மு. இராகவையங்கார் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் வரும் வெள்ளி எழுச்சியையும் வியாழன் மறைவையும் கணித்து, கி.பி. 731-ஐ ஆண்டாளுக்குரிய ஆண்டாகக் காட்டினார். மாணிக்கவாசகர் காலமோ பெரும் வழக்கு. மறைமலையடிகள் மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார், பலர் ஒன்பதில் நிறுத்தினார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் நம் வாதம் அசையாது. மாணிக்கவாசகர் பிந்தியவராக இருந்து திருப்பாவையை அறிந்திருந்தால், கதவைத் தெரிந்தே விட்டார். முந்தியவர் என்றால், நீரைத் தெரிந்தே விட்டவர் ஆண்டாள். ஒருவரையொருவர் அறியவே இல்லை என்றாலும், ஒரே நோன்பு இரண்டு பக்கம் திரும்பியது என்பது மாறாது. பாதிப்பைத் தேடுவது வரலாற்று வேலை, பயனுள்ள வேலை. கவிதைகளை ஒப்பிடுவதற்கு அது முன்நிபந்தனை ஆகாது. திறனாய்வாளர் கைலாசபதி சங்கப் பாடலைக் கிரேக்க வீரகாவியத்தோடு ஒப்பிட்டபோது ஓமரைக் கபிலர் படித்திருந்தாரா என்று எவரும் கேட்கவில்லை.

இரண்டு கவிதைகளும் மிக நெருங்கி நிற்கும் இடம் மழை. திருப்பாவையின் நான்காம் பாட்டும் திருவெம்பாவையின் பதினாறாம் பாட்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. மேகம் கடலில் நீர் முகந்து மேலே எழுகிறது, கறுக்கிறது, மின்னுகிறது, இடிக்கிறது, பொழிகிறது. ஒவ்வொரு நிலைக்கும் தெய்வத்திடமிருந்து ஓர் உவமை. பட்டியல் போட்டால் ஒற்றுமைப் பக்கம் நிரம்பி வழியும். உவமைகளை உற்றுப் பாருங்கள். ஆண்டாளின் மேகம் ஊழி முதல்வன் உருவம்போலக் கறுக்கிறது. மின்னல் அவன் கைச் சக்கரம், இடி அவன் சங்கு, மழைத்தாரை சார்ங்கம் என்னும் வில் உதைத்த அம்பு மழை. நிறத்துக்கு அடுத்தது எல்லாம் படைக்கலம், போர்க்களத்து ஓசை. மாணிக்கவாசகரின் மேகம் உமையின் நிறம். மின்னல் அவள் இடை, இடி அவள் காற்சிலம்பு, வானவில் அவள் புருவம், பொழிவு அவள் அருள். படைக்கலம் ஒன்றுகூட இல்லை. வில் வருகிறது, வானவில்லாக, ஒரு புருவத்தை உவமையாகக் கொண்டு. ஒரே மேகத்தில் ஒருவர் ஆயுதசாலையைப் பார்த்தார், ஒருவர் ஒரு பெண்ணின் மேனியைப் பார்த்தார். மழை குறைந்த, வறண்ட இந்தக் கரிசல் பூமியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதும், பின்னால் பட்டாசு வந்து சேர்ந்ததும் வெயிலை நம்பித்தான். திரியும் வெடியும் வெயிலில் காய வேண்டும். வானத்தில் இடி மின்னல் என்றால் வெடிமருந்து அறையில் வேலையை நிறுத்த வேண்டும். இங்கே வளர்ந்த வாசகர் ஆண்டாளின் மழையைப் படிக்கும்போது, அந்த மழைக்குள் நெருப்பும் அம்பும் இருப்பதைத் தாண்டிப் போக மாட்டார். கொல்லும் கருவிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, உலகம் வாழப் பெய்வாய் என்று முடிக்கிற துணிச்சலும் அவருக்கு உறைக்கும். திருவெம்பாவை அருகில் இருக்கும்போது அந்தத் துணிச்சல் இன்னும் பளிச்சென்று தெரிகிறது, இன்னொரு வழி இருந்தும் ஆண்டாள் அதில் போகவில்லை என்பதால்.

இந்த மழைப் பாட்டு நம்மை மறுபடி கதவுக்கும் நீருக்கும் அழைத்துப் போகிறது. இரண்டு கவிதையிலும் இறைவனுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தாயார் உண்டு. திருப்பாவையில் அவள் நப்பின்னை. கதவுக்குப் பின்னால், கட்டிலருகே இருக்கிறாள். அவள் வந்து திறக்க வேண்டும். திருவெம்பாவையில் அவள் உமை. மழையாகப் பெய்கிறாள், குளமாகக் கிடக்கிறாள். பெண்கள் அவளுக்குள்ளேயே இறங்கி நீராடுகிறார்கள். திருவெம்பாவைக்குப் பழைய பதிப்புகள் இட்ட கருத்துக் குறிப்பு ‘சத்தியை வியந்தது’ என்பது. இருபது பாட்டும் சிவனைப் புகழ, குறிப்பு ஏன் சத்தியைச் சொல்கிறது என்று தனியே படிக்கும்போது விளங்காது. நப்பின்னை நின்ற இடத்தில் நீர் நிற்பதைக் கண்டபின் விளங்கும்.

வைணவ உரைமரபிலிருந்து வரும் மறுப்பு இவற்றில் வலுவானது. திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் இருக்கின்றன. இப்பாட்டில் விடுபட்டது என்று எதுவும் கிடையாது, நீராட்டம் என்றாலே கண்ணனோடு கலப்பதுதான், ஆகவே கண்ணன் முன் போய் நின்றதும் நீராட்டம் நடந்துவிட்டது என்பது அவ்வுரைகளின் போக்கு. இதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் உரையாசிரியர்களுக்கு அப்படியொரு விளக்கம் ஏன் தேவைப்பட்டது? நீராட்டம் கண்முன் நடந்திருந்தால் அதற்கு வேறு பொருள் சொல்ல வேண்டிய அவசரம் இருந்திராது. அவர்கள் இடைவெளியை நமக்கு முன்பே கண்டு, பொருளால் நிரப்பினார்கள். நாம் நிரப்பாமல், இடைவெளியாகவே வைத்துப் பார்க்கிறோம். இரண்டு முறையும் ஒரே சான்றிலிருந்து கிளம்பியவை.

ஆண்டாள் பெண், மாணிக்கவாசகர் ஆண். வேறுபாடு அங்கிருந்துதான் வருகிறது என்று சிலர் சுருக்கிவிடுவார்கள். எளிய விளக்கம், அதனாலேயே ஐயத்துக்குரியது. பெண் உடலின் அழகும் நீராட்டக் களிப்பும் ஆண் எழுதிய கவிதையில் இருக்கின்றன. படைக்கலமும் போர்முழக்கமும் பெண் எழுதிய கவிதையில் இருக்கின்றன. ஆண்டாள் என ஒருவர் இருந்தாரா, பெரியாழ்வாரின் படைப்புத்தானா என்ற ஐயம்கூட இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அது தவறென்றே நான் கருதுகிறேன், ஆனாலும் கவிதைகளின் வேறுபாட்டை வாழ்க்கை வரலாற்றின்மேல் கட்டினால் என்ன ஆபத்து என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் தந்தை, மகள் என்ற உறவிலேயே சுற்றிச் சுற்றி வருவதற்கும் காரணம் இதுதான். தந்தையின் பிள்ளைப் பருவப் பாடல்களுக்கும் மகளின் நோன்புப் பாடலுக்கும் பொதுக் குறிகள் குறைவு. கிருஷ்ணதேவராயரின் ஆமுக்தமால்யதாவிலும் இதே சிக்கல். ஆண்டாள் கதையை, இதே வில்லிபுத்தூரை, தெலுங்கில் பாடிய அந்தக் காவியத்தை இராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா தமிழுக்குக் கொண்டுவந்தார். ஊரும் ஒன்று, நாயகியும் ஒன்று. வடிவம் வேறு என்பதால் அதில் இல்லாததை வைத்து ஆண்டாளைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

எது சிறந்தது என்ற கேள்வியைச் சமயப் பற்றாளர்கள் கேட்பார்கள். அதற்கு அதிக நேரம் தேவையில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்ட மரபு பழையது. தாய்லாந்து அரச சடங்கில் சிவனை வரவேற்கும் பகுதிக்குத் திரியம்பாவை என்றும் திருமாலை வரவேற்கும் பகுதிக்குத் திரிபாவை என்றும் பெயர் வழங்குகிறது. அதையொட்டிப் பாங்காக்கில் நடந்துவந்த பேரூசல் விழா 1935-இல் நின்றுபோனது. ஓதும் அந்தணர்க்குத் தமிழ்ப் பொருள் தெரியாமல் போனபின்னும் இரண்டு பெயர்களும் ஒன்றாகவே தங்கியிருந்தன. பெயர்களைச் சேர்த்துவைப்பதற்கும் கவிதைகளைச் சேர்த்துப் படிப்பதற்கும் உள்ள தூரத்தையும் அங்கே காணலாம்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் வாதம் பாதியில் நிற்கும். இரண்டு கவிதையும் சேர்ந்தே எதையாவது விட்டிருந்தால் அதை இரண்டும் காட்டிக்கொடுக்காது. மூன்றாவது ஒன்று வேண்டும். அது பரிபாடலில் இருக்கிறது. நல்லந்துவனார் வையையைப் பாடிய பதினோராம் பாடலில், மார்கழித் திருவாதிரையில் கன்னிப்பெண்கள் நீராடுகிறார்கள். அந்தணர் விழாவைத் தொடங்கி வைக்கிறார்கள், முதிய பெண்டிர் முறை சொல்லிக் கொடுக்கிறார்கள், இளம்பெண்கள் அதன்படி ஆடுகிறார்கள். ஆற்றுக்குப் பெயருண்டு, சடங்குக்கு நடத்துநர் உண்டு. பாவைகள் இரண்டிலும் இந்த ஏற்பாடு மறைந்துவிட்டது. திருப்பாவையில் ஒன்பதாம் பாட்டின் மாமி, தூங்கும் மகளை எழுப்பித்தர மட்டுமே வேண்டப்படுகிறாள்; முன்னோர் செய்த வழக்கம் என்று இருபத்தாறாம் பாட்டில் ஒரு குறிப்பு வருகிறது, அந்த முன்னோர் எவரும் நேரில் வரவில்லை. திருவெம்பாவையின் நான்காம் பாட்டில், எல்லாரும் வந்தாயிற்றா என்று படுக்கையிலிருந்து கேட்பவளிடம், நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள் என்று தோழி சொல்கிறாள். தலை எண்ணக்கூடப் பெரியவர் ஒருவர் இல்லை. எது உண்போம், எது உண்ணோம் என்ற விதியைத் திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் பெண்கள் தாங்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். வையைக் கரையில் முதுபெண்டிர் வாயில் இருந்த முறை, இங்கே நீராடப் போகிறவர்களின் வாய்க்கே வந்துவிட்டது.